நிதானம் அண்ணனின் நாற்பத்தொரு பெருக்கல் குறிகள்

எங்கள் அத்தைக்கு இருபத்தாறு கார்களும் இந்த நிமிடம் எங்கெங்கே நிற்கின்றன என்று தெரியும். தன் மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி, ஒரு ஜன்னலும் ஒன்றரை நாற்காலியும் உள்ள அறைதான் டாக்ஸி ஸ்டாண்டின் ஆபீஸ். கை உடைந்த அந்த அரை நாற்காலி என்னுடையது. முழு நாற்காலியில் பத்தொன்பது வருடமாக அத்தை உட்கார்ந்து, காதுக்கு ஒரு போனாக வைத்துக்கொண்டு, சவாரி பிரித்துக் கொடுக்கிறாள். "ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்க்கா" என்று ஒரு டிரைவர் சொன்னால், அவருக்குப் பின்னால் கேட்கும் ரயில்வே கேட் மணியை வைத்தே, "கேட் திறக்கவே அஞ்சு நிமிஷம் ஆகும், புளுகாத" என்பாள். கல்யாணமாகி எட்டே மாதத்தில் வீடு திரும்பியவள். ஏன் என்று கேட்டவர்களிடம், "அந்த வண்டிக்கு ரிவர்ஸ் கியர் மட்டும்தான் இருந்துச்சு" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். பிறகு யாரும் கேட்கவில்லை.

நான் அவளுடைய அண்ணன் மகள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனஸ்தாபம் இல்லாமல் பிரிந்துவிட்டோம். ஸ்டாண்டில் எனக்குப் பெயர் வாலு. ஆபீஸ் போனுக்கு ரிங்டோனாகக் குழந்தை வீறிடும் சத்தத்தை வைத்த அன்று கிடைத்த பட்டம்.

போன மாதம் ஒரு பெரிய டாக்ஸி கம்பெனி எல்லா டிரைவர்களையும் கூப்பிட்டுப் பேசியது. எங்களோடு சேர்ந்துவிடுங்கள், சவாரி செல்போனிலேயே வரும், நடுவில் ஆள் தேவையில்லை என்றது. நடுவில் இருக்கும் ஆள் என்றால் அத்தைதான். டிரைவர்கள் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். அத்தை இரண்டு வாரம் அவகாசம் கேட்டாள். "நமக்குன்னே ஒரு ஆப் பண்ணுவோம். திட்டத்தை எழுதிக் கொண்டு வரேன். படிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

"அக்கா ஆப்பு கொண்டு வராங்களாம், யாருக்குன்னுதான் தெரியல" என்றான் ஹாரன். சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே ஹாரன் அடிக்கிறவன். அதனால் அந்தப் பெயர். எல்லோரும் சிரித்தார்கள். சனிக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம், கை தூக்கி முடிவு என்று ஆயிற்று. தோற்றால் அத்தையின் இரண்டு போன்களும் ஊமை. நாற்பத்தேழு வயதில் அவளுக்கு வேறு வேலையும் தெரியாது.

திட்டம் எழுத, கேட்டால் எழுதித் தரும் ஏஐ ஒன்றை என் போனில் பிடித்துக் கொடுத்தேன். அத்தை அதனிடம் புதிதாகச் சேர்ந்த டிரைவரிடம் பேசுவதுபோல் பேசினாள். "தம்பி, நல்லா கேட்டுக்கோ." அது ஒவ்வொரு தடவையும் அருமையான கேள்வி என்றது.

"இது ஏன் எதைச் சொன்னாலும் பாராட்டுது? வேலைக்குப் புதுசா?"

பக்கத்தில் இருக்கும் காருக்கே சவாரி போகும் என்று அது எழுதியது. கிடையாது, அதிக நேரம் காத்திருக்கும் காருக்குத்தான் என்றாள் அத்தை. நீங்கள் சொல்வது மிகச் சரி என்று உடனே மாற்றிவிட்டது. "இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கறவங்களை நம்பக்கூடாது, வாலு" என்றாள். ஆனாலும் விடாமல் பேசிப் பேசி, சண்டை போட்டு, எட்டுப் பக்கம் வாங்கிவிட்டாள். எட்டையும் வெள்ளிக்கிழமை வரி வரியாகப் படிக்கவும் செய்தாள்.

ஒன்பதாவது பக்கம் என் கைங்கரியம்.

மூன்று மாத நோட்டை அதற்கு நான்தான் தட்டிக் கொடுத்திருந்தேன். நேரம், இடம், டிரைவர் பெயர். சில பெயர்களுக்கு எதிரே அத்தை பெருக்கல் குறி போட்டிருப்பாள். வரிசையில் முதலில் நின்றும் சவாரி வேண்டாம் என்று சொன்னவர் என்று அர்த்தம். சனிக்கிழமை மதியம் அத்தை போனில் இருந்தபோது சும்மா இருக்க முடியாமல், "மாமியார் மருமகளை எடைபோடுவதுபோல் இந்த இருபத்தாறு பேரையும் எடைபோடு" என்று அதனிடம் சொன்னேன். போட்டது. படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அழிக்க மறந்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர் "எல்லாப் பக்கமுமா?" என்று கேட்டபோது, பெரிய மனுஷி மாதிரி "எல்லாம்" என்றேன்.

நாலு மணிக்கு சைக்கிள் நிறுத்துமிடத்துத் தகரக் கூரைக்குக் கீழே இருபத்தாறு பேரும் நின்றார்கள். ஆளுக்கு ஒரு கட்டு. முதல் பக்கங்களைப் புரட்டியபோது சிலர் முகம் தெளிந்தது. "பரவாயில்லையே" என்றுகூட ஒருவர் சொன்னார். ஹாரன் எதையும் பின்னாலிருந்து படிக்கிறவன்.

"இருபத்தாறாம் இடம், நிதானம்" என்று சத்தமாகப் படித்தான். "மூன்று மாதத்தில் நாற்பத்தொரு முறை சவாரியை மறுத்திருக்கிறார். சோம்பேறித்தனமே இதற்குக் காரணம் எனத் தோன்றுகிறது. மகளே, இப்படிப்பட்டவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்வது குடும்பத்துக்கு ஆகாது. நீக்கிவிடலாம்."

தகரத்தின் மேல் காக்கா நடக்கும் சத்தம் கேட்டது.

நிதானம் அண்ணன் ஸ்டாண்டிலேயே மூத்தவர். நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டாதவர். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தார். "இது நீ எழுதினதா?"

அத்தை ஒன்பதாவது பக்கத்தை முதல்முறையாகப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். 'இவள்தான்' என்று அவள் ஒரு விரலை நீட்டினால் போதும்.

"என் கையால குடுத்த தாள்" என்றாள். "அப்ப நான் எழுதினதுதான்."

"பார்த்தீங்களா!" என்றான் ஹாரன். "இன்னும் ஆப்பே வரல, அதுக்குள்ள ஆளைத் தூக்கறாங்க. அந்தக் கம்பெனிக்காரன் தூக்கினாலும் மூஞ்சி தெரியாதவன் தூக்குவான். கையைத் தூக்குங்கப்பா, முடிச்சுட்டுப் போவோம்."

"ஒரு நிமிஷம் தம்பி." அத்தை உள்ளே போய் நோட்டைக் கொண்டுவந்தாள். கண்ணாடி கிடைக்கவில்லை, நோட்டை எட்டப் பிடித்துக்கொண்டாள். "மூணாந்தேதி, காலைல பத்து அஞ்சு, ஏர்போர்ட் சவாரி. நிதானம் அண்ணன் வேணாம்னுட்டாரு. போனது யாரு?"

சிலர் கையிலிருந்த கட்டைப் புரட்டினார்கள்.

"போனது யாருன்னு கேட்டேன்."

"நான்தான்" என்றான் ஹாரன். "எனக்கு அன்னைக்கு மொத சவாரியே அதுதான். பாப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு லேட்டா வந்தேன். அதுக்கென்ன இப்ப?"

அத்தை அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். "எட்டாந்தேதி, மூணு மணி, துறைமுகம். போனது?"

பின்வரிசையில் ஒருவர் மெதுவாகக் கை உயர்த்தினார். "டயர் வெடிச்சு காலை முழுக்கப் போச்சே, அன்னைக்கு."

"பதினொண்ணாந்தேதி..."

ஏழாவது வரி வந்தபோது அவள் கேட்பதற்கு முன்பே கைகள் எழுந்தன. ஹாரன் கீழே பார்த்துக்கொண்டே தன் தாளைச் சுருட்டினான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சோம்பேறி என்று நான் சிரித்த மனிதர், வெறுங்கையோடு பின்னால் நிற்பவருக்குத் தன் முறையைத் தள்ளிவிட்டிருக்கிறார். அதை அத்தையிடம் போனில் மட்டும் சொல்லியிருக்கிறார். ஏன் என்று நோட்டில் இல்லை. இல்லாததை ஏஐ எங்கே படிக்கும்?

"போதும், நிறுத்து" என்றார் நிதானம் அண்ணன். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "யாருக்கும் சொல்லமாட்டேன்னு சொன்ன."

"நான் எதுவும் சொல்லலண்ணே. கேட்டேன், அவ்வளவுதான்."

"கேட்டதும் சொன்னதும் ஒண்ணுதான். நாளைக்கு என் முகத்தைப் பார்த்தா எத்தனை சவாரி விட்டேன்னு இவங்க எண்ணிக்கிட்டு இருப்பாங்க." வெளியே போய்விட்டார்.

கை தூக்கினார்கள். அத்தையோடு இருக்க பதினாறு, கம்பெனிக்கு ஒன்பது. ஹாரனின் கை பதினாறாவதாக, ரொம்பத் தயங்கி எழுந்தது. ஜெயித்துவிட்டோம் என்று குதிக்கப் போனேன். அத்தையின் முகத்தைப் பார்த்து அடங்கினேன்.

எல்லோரும் கலைந்தார்கள். நிதானம் அண்ணனின் கார் வரிசையை விட்டு விலகி, மதிலோரம் தனியாக நின்றது. அவர் உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, அந்தப் பக்கம்... நான்தான்..."

"தெரியும். 'மகளே'ன்னு எந்த மெஷினாவது தானா எழுதுமா? உக்காரு, எழுது. இனிமே 'வேணாம்'னு ஒரு பட்டன். அதை அழுத்தினா காரணம் கேக்கக்கூடாது. எண்ணி வைக்கக்கூடாது. யாரு விட்டாங்க, யாருக்குப் போச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

"உங்களுக்குமா?"

பத்தொன்பது வருடமாக எல்லாம் தெரிந்தவள் கொஞ்சம் யோசித்தாள். "எனக்குந்தான்."

அந்த ஒரு பக்கத்தை ஓடிப்போய் அச்செடுத்து வந்தேன். இந்த முறை இரண்டு தடவை படித்தேன். அத்தை அதை வாங்கிக்கொண்டு மதிலோரம் நடந்தாள். கார் கண்ணாடி பாதிதான் இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு தாளை வாங்கியது. அவர் படிப்பதிலும் நிதானம்தான்.

பிறகு எஞ்சின் சத்தம். வண்டி கேட்டைத் தாண்டிப் போய்விடும் என்றுதான் நினைத்தேன். அது மெதுவாகப் பின்னால் வந்து, வளைந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றது.