சேம்பரில் இரண்டு பள்ளம்

இது என் காரில், என் வீட்டு வாசலில், பகல் வேளையில் எனக்கே நடந்தது. யாருக்கோ நடந்தது, யாரோ சொன்னார்கள் என்கிற சமாசாரம் இல்லை. பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இளப்பம். கேட்டு நடுங்குகிறவர்களைக் கண்டால் அதைவிட இளப்பம். அப்படிப்பட்டவன் எழுதுகிறேன் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2001, ஜனவரிக் கடைசி. டெல்லி, மயூர் விஹார். புதிதாக ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். டெல்லித் தமிழர்கள் கார் வாங்குகிற அழகே அழகு! பஞ்சாபிக்காரன் விற்றால் நாலு பேரைக் கூட்டி வந்து, பானெட்டைத் திறந்து, தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். கோவில் வரிசையில் பின்னால் நின்றவர் "நம்ம மனுஷா வண்டி சார்" என்று தமிழில் சொல்லிவிட்டால் போதும். ஒன்றும் பார்க்காமல் சாவியை வாங்கிக்கொள்வார்கள். எனக்கு அப்படி விற்றவர் கல்யாணராமன். "அத்திம்பேர் வண்டி. அவருக்கு மெட்ராஸ் டிரான்ஸ்ஃபர். ஒரே கை ஓட்டினது" என்றார்.

வாங்கிய மறுநாளே வண்டிக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் மனைவி லதாவையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஜெய்ப்பூர் போக வேண்டும். அவள் தம்பிக்குக் கல்யாணம். வழியில் எண்ணெய் முழுக்க இறங்கினால் எஞ்சின் இறுகிவிடும். அந்தப் பனியில், லாரிகள் பறக்கிற ரோட்டில், குழந்தைகளோடு நிற்க வேண்டும்.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்கோளேன்" என்றாள் லதா, கிளம்புவதற்கு முதல் நாள்.

"அந்தத் திருட்டுக் கும்பலையா? நானே பார்த்துக்கறேன்."

இதை எங்கள் தலைக்குமேல் முதல் மாடி பால்கனியில் நின்ற சேஷன் கேட்டுவிட்டார். ஏதோ ஒரு அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரி. சொந்தமாக சைக்கிள்கூடக் கிடையாது, ஆனால் ஊரில் எல்லார் வண்டிக்கும் வைத்தியம் சொல்வார். "ஓய் ராஜகோபால், சனிக்கிழமையும் அதுவுமா எண்ணெய் வேலை வேண்டாமே" என்றார். அன்று காலைதான் மனிதர் தலை வழிய நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருந்தார். அவர் மண்டைக்கு ஆகிற எண்ணெய் என் எஞ்சினுக்கு ஆகாதாம்!

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. எஞ்சினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன். அடியில் எண்ணெய் தங்கும் தகரத் தொட்டியை சேம்பர் என்பார்கள். அதையும் துடைத்து, லதாவின் பஃப்பால் முழுக்க முகப் பவுடர் ஒற்றினேன். பிறகு வெளியே வந்து, பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினேன். எங்கே பவுடர் ஈரமாகிறதோ அங்கே ஓட்டை. இதற்குப் போய் மெக்கானிக்காம்.

அன்று வெயிலே வரவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கே பனி இறங்கிவிட்டது. டார்ச்சும் ஸ்பானருமாக மறுபடி அடியில் புகுந்தேன்.

சேம்பரின் நடுவில் ஒரு பழைய பள்ளம். அதன் ஓரத்தில் மெல்லிய விரிசல். அங்கேதான் பவுடர் கறுத்திருந்தது.

ஆனால் பள்ளத்தைச் சுற்றி நாலு விரல் தடவிய கோடுகள் இருந்தன.

நான் விரலால் தொடவே இல்லை. பஃப்பால்தான் ஒற்றினேன். சரி, புறங்கை பட்டிருக்கும்...

சேம்பர் போல்ட் ஒன்றை ஸ்பானரால் திருகிப் பார்த்தேன்.

"ட்ச்."

நாக்கைத் தட்டும் சத்தம். ஒன்றும் தெரியாதவன் வேலை செய்வதைப் பார்த்து, தெரிந்தவன் சலித்துக்கொள்வானே, அந்தச் சத்தம். என் இடது காதருகே.

"சேஷன் சார், வேலையைப் பாருங்கோ" என்று கத்தினேன்.



மறுபடி திருகினேன்.

"ட்ச்... ட்ச்."

எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் இல்லை. டார்ச்சைத் திருப்பினேன். வெளிச்சத்தில் என் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. குளிர்.

மூச்சை அடக்கினேன்.

புகை நிற்கவில்லை.

இடது பக்கம்... தரைக்கு ஒரு சாண் மேலே... சீராக வந்துகொண்டிருந்தது.

அப்போது மேலேயிருந்து சேஷனின் குரல்.

"என்ன ஓய்! மெக்கானிக் வேண்டாம்னு ஜம்பம் அடிச்சுட்டு, நைசா ஆளைக் கூட்டிண்டு வந்துட்டீரே?"

"யாரை?"

"அடியில ரெண்டு ஜோடிக் கால் தெரியறதே! ஷூ போட்டது நீர். வெறுங்கால் யாரு?"

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. முழங்கை தோல் உரிந்தது. ஸ்பானர் கையிலேயே இருந்தது.

எழுந்து நின்றேன்.

"டக்."

ஜாக்கி சரிந்தது.

கார் விழுந்தது.

அடியில் ஏதோ இரும்பில் இரும்பு மோதியது.

சேஷன் மேலே வாயைத் திறந்தபடி நின்றார். அவர் வாயால் என் உயிர் பிழைத்தது. இதைவிடக் கேவலம் எனக்கு நேர்ந்ததில்லை. அவர் இறங்கி வந்ததும் இருவருமாகக் குனிந்து பார்த்தோம். கார் அடியில் யாரும் இல்லை. எதுவும் இல்லை.

ஜெய்ப்பூருக்கு பஸ்ஸில் போனோம். திரும்பி வந்ததும், வெட்கத்தை விட்டு மெக்கானிக்கை வரவழைத்தேன். அவன் சேம்பரைக் கழற்றிக் கவிழ்த்தான். "பாபுஜி, யே புரானா, யே நயா" என்று விரலை வைத்துக் காட்டினான். பழைய பள்ளத்தை ஒட்டி, அதே அளவில், அதே வடிவில், புதிதாக இன்னொரு பள்ளம்.

அன்று சாயங்காலமே கல்யாணராமன் வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடித்தேன். முதலில் டிரான்ஸ்ஃபர் என்றே உளறினார். பிறகு அழுதார். அழுகிற பொய்யனைப் போல அருவருப்பு வேறில்லை.

"அத்திம்பேர் யாரையும் நம்பமாட்டார் சார். மெக்கானிக்கை வண்டிகிட்ட விடமாட்டார். யாராவது வேலை செஞ்சா பக்கத்துல நின்னுண்டு ட்ச் ட்ச்னுவார். போன வருஷம், செருப்பைக் கழட்டி வெச்சுட்டு அடியில போனார்... ஜாக்கி சரிஞ்சுது. கையில பிடிச்சிருந்த ஸ்பானர் சேம்பர்ல குத்தி, அப்படியே அவர் நெஞ்சுல..."

முதல் பள்ளம் அது.

அந்தச் சனிக்கிழமை நான் கார் அடியிலிருந்து வெளியே வந்தபோது என் ஸ்பானர் என் கையில் இருந்தது. சேஷனும் பார்த்தார். கார் விழுந்த இடத்தில் வெறும் சிமெண்ட் தரை.

இரண்டாவது பள்ளத்தை அடித்தது யார் கையிலிருந்த ஸ்பானர்?