ஜன்னலில் அடித்த எக்ஸ்ரே

ராக்காயி என் அம்மாவின் அக்கா. இலங்கை மலையகத்தில் வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொழுந்து பறித்தவர். பெரியப்பா செத்த பிறகும் கூடையை இறக்கவில்லை. வாய் பெரியது, வேலை வாங்கும் கங்காணியே ஒதுங்கிப் போவார். 2003ஆம் ஆண்டு மழையில், மலை ஊற்று குழாயில் விழும் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய் வழுக்கி விழுந்தார். ஊன்றிய வலது மணிக்கட்டு முறிந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்பலவாணர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பு தேய்ந்து உள்ளே சல்லடையாகிவிட்டது, ஒட்ட நாளாகும் என்று மாவுக்கட்டுப் போட்டார்.

"படத்தைப் பத்திரமா வைச்சிருங்கோ அம்மா."

பெரியம்மா பத்திரமாகத்தான் வைத்தார். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில், எங்கள் காம்பிராவில் ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்து குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. என்னைக் கொண்டு அந்த ஓட்டையை மூடிப் படத்தை ஆணியடிக்க வைத்தார். விளக்கு ஏற்றியதும் வெளியே எலும்புக் கை தெரியும். நான் பின்னால் நின்று உறுமினால் போதும், லயத்துப் பிள்ளைகள் கோயில் வரைக்கும் ஓடுவார்கள்.

சில வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்கு மறுபடி போனபோது புதுப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார்.

"பழைய படம் எங்க? ரெண்டையும் வைச்சுப் பாத்தாத்தான் பொருந்துதோ எண்டு நிச்சயமாச் சொல்லலாம்."

"அது ஜன்னல்ல இருக்குங்க."

"ஜன்னலிலயோ?"

"குளிருதுங்க சார்."

டாக்டர் சிரிக்கவில்லை. எலும்பு விலகியிருந்தால் கண்டிக்குப் போய்த் தகடு வைக்க வேண்டும், இந்த எலும்பில் ஆணி பிடிக்குமோ தெரியாது என்றார். பெரியம்மா என் தோளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினார்.

பஸ் பிடித்துப் போய்ப் படத்தைக் கழற்றி வந்தேன். அடுப்புப் புகை அப்பியிருந்தது. நர்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஈரப் பஞ்சால் துடைத்தார். டாக்டர் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார். பழையதில் முறிந்த இடம் கறுப்புக் கோடு. புதியதில் அந்தக் கோட்டின் மேல் மலையில் மூட்டம் இறங்கியது போல வெள்ளை.

"இந்த வெள்ளைதான் புது எலும்பு. மெதுவா வளருது, ஆனா விலகேல்லை. ஒப்பரேசன் தேவையில்லை."

பெரியம்மா கதிரையைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"கொழுந்து பறிக்க மலைக்கு எப்பங்க போகலாம்?"

"பொறுங்கோ அம்மா. குளிசையை ஒழுங்கா விழுங்கிக்கொண்டு முதல்ல கையைப் பழக்குங்கோ."

மாவுக்கட்டை வெட்டியதும் மெலிந்து வெளுத்த கை வெளியே வந்தது.

"இது யாரு கை பெரியம்மா? உங்க கை இப்புடி அடங்கி இருக்காதே" என்றேன்.

அவர் அந்தக் கையாலேயே என் காதைத் திருகினார். பிடியில் பலமே இல்லை. "விடுங்க பெரியம்மா, வலிக்குது" என்று வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"பாத்தீங்களா சார்" என்றார் பெரியம்மா, டாக்டரிடம்.