போகி மதியத்து அரை மணி நேரம்

மார்கழிக் குளிரில் கம்பெனி பஸ்கள் வந்து நின்று பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது செல்வராணியின் கணவர் போன் செய்தார். "சார், ராணி போயிட்டா" என்றார். மஞ்சள் காமாலை என்று திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பொங்கலுக்குள் சிறுவாச்சூர் வீட்டுக்கு வந்துவிடுவார் என்றுதான் நம்பியிருந்தோம். பாடாலூர் பஸ்ஸில் வந்தவர்களிடம் நான் சொல்வதற்குள் சேதி பரவியிருந்தது. அன்று தையல் லைனில் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

எங்கள் ஷூ தொழிற்சாலையில் நான் உற்பத்தி மேலாளர், செல்வராணி தொழிலாளர் நல அலுவலர். லைனை ஓட வைப்பது என் வேலை. நிறுத்தச் சொல்வது அவர் வேலை. எங்களை எலியும் பூனையும் என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். யார் எலி என்று கேட்டால், நான்தான்.

பண்டிகைதோறும் ஊழியர் உடல்நலத்துக்கு ஏதாவது நடத்தி, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வரும். வந்த புதிதில் செல்வராணி, போகியன்று சிறுதானியச் சமையல் போட்டி வைத்தார். வரகுப் பொங்கல், தினைப் பாயசம், கேழ்வரகுப் புட்டு என்று தூக்குகள் வரிசை கட்டின. ஆனால் தூக்கு கொண்டுவந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே! வீடு ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, பாத்திரமெல்லாம் விளக்கிப் போட்ட கையோடு, பரிசுக்காகக் கோழி கூவும் முன்பே எழுந்து சமைத்திருக்கிறார்கள். முதல் பரிசு வாங்க வேண்டியவர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். எழுப்பப் போன என் கையைச் செல்வராணி பிடித்து நிறுத்தினார்.

"விடுங்க சார். ஒடம்பு நல்லாருக்கணும்னு போட்டி வெச்சு எல்லாரையும் படுக்க வெச்சுட்டேன். படுக்கணும்னா ஒழுங்காவே படுக்கட்டும்."

அடுத்த வருஷம் போட்டி இல்லை. போகி மதியம் சாப்பாடு முடிந்ததும் கேன்டீன் மேசைகளை ஓரம் தள்ளிப் பாய் விரித்தார். லைனை அரை மணி நேரம் நிறுத்தக் கேட்டு என்னோடு மல்லுக்கட்டினார். நான் கத்தினேன், அவர் சிரித்தார், லைன் நின்றது. "இந்த அரை மணி நேரம் யாரும் யாருக்கும் சமைக்க வேணாம். கண்ண மூடுங்க" என்று சொல்லி விளக்கை அணைத்தார். முதல் குறட்டை கேட்டதும் என் பக்கம் திரும்பி, "நிகழ்ச்சி ஆரம்பிச்சிருச்சு சார்" என்றார். இருட்டில் தூங்கும் பெண்களின் போட்டோதான் தலைமை அலுவலகத்துக்குப் போனது. இதில் நிகழ்ச்சி எங்கே என்று கேட்டார்களாம். நன்றாக உற்றுப் பாருங்கள் என்றாராம்.

தீபாவளிக்கு இன்னொரு கூத்து. வீட்டில் எல்லார் தலையிலும் எண்ணெய் வைத்துவிட்டுக் கடைசியில் அவசரமாகக் குளித்து ஓடுகிறவர்கள் இவர்கள் என்று, அண்டா அண்டாவாக வெந்நீர் வைத்தார். கல்லுப்பும் நல்லெண்ணெயும் வாங்கிவந்தார். சூப்பர்வைசர்கள் வாளி தூக்க, பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து காலை நனைத்தார்கள். "ஊருக்கெல்லாம் ஷூ தெக்கிறோம், நம்ம கால யாரு பாக்குறது?" என்றார். என்னையும் உட்கார வைத்தார். உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்குச் சுகமாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒருநாள் பேசினார். குரல் மெலிந்திருந்தது. போகிக்கு லைன் நிற்குமா என்றுதான் கேட்டார்.

"மொதல்ல எந்திரிச்சு வாம்மா. வந்து நீயே சண்ட போட்டு வாங்கிக்க" என்றேன்.

"நான் வராட்டியும் போகி வரும்ல சார்."

அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு.

இந்தப் போகிக்கு ஏற்றுமதி ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாவே இல்லை, இந்த வருஷம் விட்டுவிடலாமே என்று மேலிடத்தில் கேட்டார்கள். அரை மணி நேரத்து வேலையை நான் எப்படியாவது ஈடுகட்டிக்கொள்கிறேன், லைன் நிற்கும் என்றேன். செல்வராணி கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

கேன்டீனில் பாய் விரித்தாயிற்று. யாரும் படுக்கவில்லை. எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லைனில் கத்திப் பழகிய குரலில், "யாரும் யாருக்கும் சமைக்க வேணாம். கண்ண மூடுங்க" என்றேன். சிலர் அழுதார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். விளக்கை அணைத்தேன்.

இதைப் படிக்கும் தோழர்களே, அவருடைய பொறுமையோ சிரிப்போ எனக்கு வராது. அந்த ஸ்விட்சை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். நான் இங்கே இருக்கும்வரை போகி மதியம் அதை அணைப்பது என் வேலை.

அன்று வாசலில் நிற்கும்போது தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. உள்ளே யாரோ குறட்டை விடத் தொடங்கியிருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "நிகழ்ச்சி ஆரம்பிச்சிருச்சு சார்."