மனமில்லாமல் கொண்டுபோன தண்ணீர்

என் மகள் எஸ்தரை மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் புதைத்தேன். ஆறு வயது. வாந்திபேதி காலையில் வந்தது; பொழுது சாயுமுன் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என் மனைவி லேயாளுக்கும் கண்டது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நாமக்கல்லுக்கு மேற்கே, கூலிக்காரர் குடிசைகள் இருபது நிற்கிற எங்கள் வளவில் அந்த வாரம் அழுவதற்கும் ஆளில்லை. அழவேண்டியவர்கள் எல்லாரும் படுத்துக் கிடந்தார்கள்.

ஊர்க் கிணற்றில் எங்களுக்குத் தண்ணீர் கிடையாது. நாங்கள் வேலை செய்த பண்ணாடியின் தோட்டத்தில் மாடு கட்டிக் கவலை இறைக்கும்போது வாய்க்காலில் மொண்டுகொள்வோம். ஞானஸ்நானம் எடுத்த பிறகு அதுவும் நின்றது. குடத்தோடு போன லேயாளைப் பார்த்துப் பண்ணாடி, உங்க ஏசுசாமிகிட்டப் போயி மொண்டுக்க என்றாராம். அவள் குட்டைக்குப் போனாள். எருமை புரளுகிற குட்டை. அந்தத் தண்ணீரைத்தான் எஸ்தர் குடித்தாள்.

நான் ஜெபித்தேன். ஜெபம் என்று சொல்லவே கூசுகிறது. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட பழைய வாயாலே ஆண்டவருக்கும் ஒரு கிடாய் நேர்ந்துகொண்டேன். இவளை விட்டுவிடும், அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். வானம் சுட்ட ஓடு போலக் கிடந்தது. அடுத்த மூச்சிலே பண்ணாடி சாகட்டும் என்றும் கேட்டேன்.

திங்கட்கிழமை முற்பகலில் அடுப்புக்கு முள் பொறுக்கப் போனேன். பண்ணாடியின் தோட்டத்து வீட்டிலிருந்து முனகல் வந்தது. எட்டிப் பார்த்தேன். அவருக்கும் பேதி. மகன்கள் வண்டி கட்டிக்கொண்டு பெண்டு பிள்ளைகளோடு திருச்செங்கோட்டுப் பக்கம் போய்விட்டிருந்தார்கள். கயிற்றுக்கட்டிலில் அவர் மட்டும், தண்ணீருக்கு முனகிக்கொண்டு.

திரும்பி நடந்தேன். கேட்டது நடக்கிறது என்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. உங்களிடம் அதை மறைக்கமாட்டேன். ஆனால் பகைவன் தாகமாயிருந்தால் அவனுக்குக் குடிக்கக் கொடு என்று உபதேசியார் சபையில் வாசித்தது காலில் முள்ளாய் ஏறிவிட்டது. எட்டு வைக்க வைக்க உள்ளே போயிற்று.

லேயாளிடம் சொன்னேன். போகவேண்டாம் என்பாள் என்று எண்ணித்தான் சொன்னேன். அவள் கண்கள் குழிக்குள் போயிருந்தன.

"தண்ணிக்குத் தவிக்கறது எப்படின்னு எனக்குத் தெரியுமுங்க," என்றாள். "போயிட்டு வாங்க. அதுக்குள்ள நா எங்கயும் போயிர மாட்டேன்."

அவளுக்கென்று காய்ச்சிய உப்புக் கஞ்சியில் பாதியைச் சட்டியில் ஊற்றிக்கொண்டு போனேன். விசுவாசத்தோடு போனேன் என்று சொன்னால் பொய். ஆண்டவர் சொல்லிவிட்டார், போகிறேன்; அவ்வளவுதான். விசுவாசம் என்னிடத்தில் அன்றைக்கு ஒரு கடுகளவும் இல்லை.

"யார்ரா?"

"நாந்தானுங்க சாமி."

"கருப்பனா?"

ஆமாங்க என்றேன். ஞானஸ்நானத்துக்குப் பிறகு யாக்கோபு என்று திருத்தவில்லை.

"உன்ற சட்டியிலயா?"

"வேற சட்டி இல்லீங்க."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. வந்தேன், கொடுத்தேன், வேண்டாமென்றார். இனி என் மேல் குற்றமில்லை. எழுந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டேன்.

"ஊத்து," என்றார். குரலே இல்லை.

தலையைத் தூக்கிப் பிடித்தேன். என் பிள்ளைக்குத் தண்ணீர் இல்லை என்று சொன்ன வாய் அது. பறவைக் குஞ்சின் வாய் போலத் திறந்தது. பதிலுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல், தான் அருவருத்த கையிலிருந்து வாங்கிக் குடித்தது.

அந்தக் கட்டிலண்டையில்தான் எனக்கு இரட்சிப்பு இன்னதென்று விளங்கிற்று. என் ஆண்டவரிடத்தில் நானும் அப்படியே வாய் திறக்கவேண்டியவன். கிடாயோடு போய் நிற்கவேண்டியவன் அல்ல.

பண்ணாடி மறுநாள் இறந்துபோனார். லேயாளின் வயிற்றில் மிச்சக் கஞ்சி தங்கியது. ஒரு வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் போனதற்குக் கூலியாக அவள் பிழைத்தாள் என்று ஒருவரும் எண்ணவேண்டாம். எங்கள் சபையில் என்னைவிட அதிகமாய்க் கீழ்ப்படிந்த ஒருவர் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தார். அவள் உயிர் கிருபை. கீழ்ப்படிதல் விலையல்ல, அந்தக் கிருபையை அறிந்தவன் நடக்கிற வழி. நானோ அறியுமுன்னே நடக்கத் தள்ளப்பட்டேன்.

மகன்கள் திரும்பி வந்தார்கள். அப்பன் என் சட்டியில் குடித்ததை யாரோ சொல்லிவிட்டார்கள். என்னை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். தோட்டத்து வாய்க்கால் எங்களுக்கு இன்னும் திறக்கவில்லை. லேயாள் குட்டைத் தண்ணீரைக் காய்ச்சித்தான் தருகிறாள். எஸ்தர் குடித்த நாளில் அது எங்களுக்குத் தெரியாதே.

சபையாரே, பகைத்தவனுக்கு நன்மை செய்ய முதலில் மனம் வரட்டும் என்று உங்களில் யாராவது காத்திருந்தால், காத்திருக்காதேயுங்கள். ஆண்டவர் காட்டிய பக்கம் காலை எடுத்து வையுங்கள். என் மனம் எனக்குப் பின்னாலே நொண்டிக்கொண்டு வந்தது. அந்த ஆடி மாதத்தில்தான், வேறொருவர் காட்டில் களை வெட்டிக்கொண்டிருக்கும்போது, பண்ணாடிக்காக எனக்குக் கண்ணீர் வந்தது. மனைவியின் உயிருக்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். அந்தக் கண்ணீருக்காக இன்னும் அதிகமாய்த் துதிக்கிறேன்.