கணவன் சொன்ன கதை

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் நான் பியூசி படித்துக்கொண்டிருந்தபோது, ஸ்ரீராம்புரம் லெண்டிங் லைப்ரரியிலிருந்து ஒரு நாவல் எடுத்து வந்தேன். தன்னை விட்டுப்போன மனைவியைப் பற்றிக் கணவனே சொல்லும் கதை. படித்து முடித்ததும் அந்தப் பெண் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

“சே, என்ன பொம்பளக்கா இவ!” என்றேன்.

எனக்கு முன்பே அதைப் படித்து முடித்திருந்த அக்கா, பீன்ஸ் நறுக்கியபடியே கேட்டாள். “கதை சொல்றது யாரு? அவன்தானே? அவள ஒரு வார்த்தையாவது பேச விட்டானா, பாரு.”

மறுபடி புரட்டினேன். உண்மைதான். அவள் நினைத்ததையெல்லாம்கூட அவனே சொல்லியிருந்தான். அதற்குப் பிறகு எந்தக் கதையையும் என்னால் முழுசாக நம்பிப் படிக்க முடியவில்லை.

அடுத்த வருடம் அக்காவை அத்திபெலேயில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சில மாதங்களில் உதடு கிழிந்து, கையில் ஒரு பையோடு வந்து நின்றாள். பின்னாலேயே அவள் கணவரும் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவிடம் நிதானமாகச் சொன்னார்.

“கடைக்கு வர்றவங்க முன்னாடியே எதுத்துப் பேசறா மாமா. நானும் எவ்ளோதான் அட்ஜஸ்ட் பண்றது?”

அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். அக்கா அடுப்படியில் நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

“அப்பா, அக்காவையும் கேளுப்பா,” என்றேன்.

“நீ சும்மா இரு. கதை புக்கு படிச்சு வாய் நீண்டுடுச்சு உனக்கு.”

அன்று சாயந்திரமே அம்மா அவளுக்குத் தலைவாரி, பூ வைத்து, அவரோடு அனுப்பிவிட்டாள்.

அப்பாவை வெறுக்க முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் ஓய்வுபெறப்போகும் மாநகராட்சித் தொழிலாளி, ஒற்றை அறை வீடு, கல்யாணத்துக்கு நிற்கும் நான், சந்தில் நாலு பேர் பேசுவார்களே என்ற பயம் எல்லாமே எனக்குப் புரிந்தது. அவருடைய பக்கமும் தெரிந்தது, அம்மாவுடைய பக்கமும் தெரிந்தது. தெரிந்து என்ன? அடி வாங்கியது அக்காதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வைட்ஃபீல்டில் எனக்கு வேலை கிடைத்தது. தனியாக வீடு எடுத்ததும் நேராக அத்திபெலே போனேன். அக்கா கடையில் ஆணி எடைபோட்டுக்கொண்டிருந்தாள். புருவத்துக்கு மேல் புதிதாக ஒரு தழும்பு.

“பசங்களக் கூட்டிக்கிட்டு எங்கூட வந்துடுக்கா.”

“அவருக்குக் கடையில எவ்ளோ டென்ஷன் தெரியுமா? நானும் சும்மா இருக்கிறதில்ல, எதையாவது சொல்லிடறேன். அவர் சைடும் பாக்கணும்ல?” என்றாள்.

குரல் அக்காவுடையது. வார்த்தைகள் அவருடையவை.

அவர் சாப்பிட வரும் நேரமாகிவிட்டது, கிளம்பு என்றாள். கிளம்பினேன்.