அக்கா உடுத்திய வெள்ளை

லிங்கிப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் எங்கள் வீட்டு மூத்த மகளாகப் பிறந்து, எங்களுக்கெல்லாம் இன்னொரு தாயாக இருந்த அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. உறவினர் சிலருக்கு அதில் வருத்தமும் உண்டு. மனம் மரத்துக் கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள்.

அப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. பெண்பிள்ளைக்கு எதற்கு இங்கிலீசு என்று ஊரே கேட்டும் அக்காவைச் சிரம்பானில் தங்கவைத்துப் படிக்கவைத்தார். அக்கா ஆங்கிலக் கவிதைகளில் ஊறிப்போனார். திருமணமான புதிதில் ஜப்பான்காரர்கள் வந்தார்கள். இங்கிலீசுப் புத்தகம் வீட்டில் இருந்தால் வம்பு என்று அப்பா எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார். ஒரு கவிதைப் புத்தகத்தை மட்டும் அக்கா கொடுக்க மறுத்துவிட்டார்.

பிறகு ஒரு காலை, பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வரிசையில் நின்ற ஆண்களை அப்படியே லோரியில் ஏற்றிச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அத்தானும் போனார். அக்காவிடம் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை.

அதன்பின் தொழிலாளர் லயத்துப் பெண்கள் எங்கள் வாசலில் கூடி மரவள்ளிக்கிழங்கு சீவுவார்கள். பாதிப் பேரின் கணவர்மார் சயாமில். அக்கா அந்தப் புத்தகத்திலிருந்து கதை சொல்வார். அதில் ஒரு நீண்ட கவிதை, கப்பலில் போன கணவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றியது. கடைசியில் அவள் வெள்ளை உடுத்திக் கடற்கரைக்கு இறங்கிப் போகிறாள். அதோடு கவிதை முடிகிறது.

கேட்ட பெண்கள் அழத் தொடங்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டு முனியம்மா கத்தியைக் கீழே போட்டுவிட்டு, "பாவி மக, வெள்ள கட்டிட்டாளா?" என்றார். அக்கா சிரித்துவிட்டார். வெள்ளைக்காரர் ஊரில் சாவுக்குக் கறுப்பு, கல்யாணத்துக்குத்தான் வெள்ளை; கணவனை எதிர்கொள்ள அவள் கல்யாண உடையில் போகிறாள் என்று விளக்கினார்.

"அப்ப புருசன் வந்துட்டானா?"

"அது பாட்டுல இல்ல, முனியம்மாக்கா."

"நீ படிச்ச புள்ளலா. நீயே சொல்லேன்."

அக்கா மறுபடி கிழங்கைச் சீவத் தொடங்கினார்.

ஜப்பான்காரர்கள் போனபின் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். முனியம்மாவின் கணவர் வந்தார். அத்தானைக் காய்ச்சலில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். வேறு முகாமுக்கு மாற்றிவிட்டதாக இன்னொருவர் சொன்னார். உடலைப் பார்த்தவர் எவருமில்லை. அத்தான் வீட்டார் காத்துக் காத்துச் சலித்து, தாலி அறுக்கும் சடங்குக்கு நாள் குறித்தார்கள். அன்று அக்கா தாமே வெள்ளைச் சேலை உடுத்தி வந்து உட்கார்ந்தார். தாலியில் மட்டும் கைவைக்க விடவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை. இது என்ன கோலம் என்று மாமியார் கேட்டார்.

"வெள்ள கட்டச் சொன்னீங்க, கட்டிட்டேன் அத்தை. எதுக்குக் கட்டுனேன்னு மட்டும் கேக்காதீங்க."

கடைசிவரை அதே கோலம்தான். சிரம்பானில் ஆங்கில இலக்கிய ஆசிரியையாகப் பணியாற்றியபோது அந்தக் கவிதையையும் நடத்தினார். அவள் விதவையா, மணப்பெண்ணா என்று மாணவர்கள் அடித்துக்கொள்வார்களாம். இரண்டு பதிலுக்கும் அக்கா முழு மதிப்பெண் போட்டுவிடுவார். மற்றபடி மதிப்பெண்ணில் படு கஞ்சம் என்பது அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

இறுதி நாட்களில் செனாவாங்கில் என் மகன் வீட்டில் பேச்சின்றிக் கிடந்தார். இரவு வேலை முடித்த அலுப்போடும் வந்து அக்காவைத் தூக்கி உட்காரவைத்த அண்டைவீட்டுப் பிள்ளைகளுக்கும், உடன் நின்று காரியங்களை நடத்திவைத்த உறவினர்களுக்கும், பெடாஸிலிருந்து வந்து சமையலைக் கவனித்துக்கொண்ட முனியம்மாவின் மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இந்த நினைவு மலரின் முகப்பில் அத்தான் பெயருக்கு முன்னால் 'திரு' போடுவதா, 'அமரர்' போடுவதா என்று அச்சகத்தார் தொலைபேசியில் கேட்டார். இரண்டில் எதையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. பெயரை மட்டும் அச்சிட்டுத் தந்திருக்கிறார். அவருக்கும் எங்கள் நன்றி.

தங்கை