துரை கட்டிய கல்வீடு

போன மாதம் மாத்தளையில் மாட்டுத் தீவனக் கடையொன்றைத் தாண்டும்போது புண்ணாக்கு வாசம் மூக்கில் ஏறியது. உடனே இரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மாதிரிப் பண்ணையில் பதினொரு வயதுவரை நான் வளர்ந்த கல்வீடு நினைவுக்கு வந்துவிட்டது. வெள்ளைக்காரத் துரை கட்டிய அந்த வீட்டில், பிற்காலத்தில் பால் கறக்கும் வேலைக்கு வந்த அப்பாவைக் குடிவைத்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுத் தொழுவம். பசுக்கள் சங்கிலியை இழுக்கும் சத்தமும், வாளியில் பால் பீய்ச்சும் சத்தமும், அடுப்பை ஊதும் அம்மாவின் இருமலும் ஒன்றாய்க் கலந்து வர, குளிர்ந்த கல்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு எழும்ப மனமில்லாமல் படுத்திருப்பேன்.

மறுநாளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பண்ணை இப்போது இல்லை. வீடு மட்டும் சுற்றுலா விடுதியாக மினுமினுத்தது. வாசலில் நின்ற இளைஞன் எங்களை மறித்தான்.

"ரூம் புக் பண்ணினவங்கதான் உள்ள போகலாம்ங்க. இது தொரை இருந்த பழைய வீடு."

"தொரை கட்டினதுதான் தம்பி. ஆனா கடைசியா இருந்தது நாங்க. இவளப் பெத்ததே அந்த மூல ரூம்லதான்" என்றாள் அம்மா.

அவன் சுவரிலிருந்த பலகையைக் காட்டினான். அதில் துரையின் பெயர் இருந்தது, அவருடைய குதிரையின் பெயரும் இருந்தது. அப்பாவின் பெயர் இல்லை.

நான் வாதாடத் தொடங்கினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு அவனிடம், "தொந்தரவு குடுத்துட்டோம், மன்னிச்சுக்கங்க" என்றாள்.

எனக்கு அவனைவிட அம்மா மேல்தான் ஆத்திரம் வந்தது.